பதினேழாம் கணக்குக்கு அப்பா போட்ட பூஜ்யம்

எங்கள் அப்பா இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. தெலுங்கு மண்ணில், மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில் பிறந்த தமிழர். பதினாறு வயதில் தந்தையை இழந்து, டியூஷன் எடுத்துத் தம் படிப்பையும் இரு தங்கைகளின் படிப்பையும் பார்த்துக்கொண்டார். பிறகு ஓய்வு பெறும்வரை மாரெட்பள்ளியில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர்.

விடைத்தாள் திருத்த அவருக்கென்று ஒரு முறை உண்டு. விடையைக் கடைசியில்தான் பார்ப்பார். விடை தப்பானாலும், பிள்ளை எதுவரை சரியாக வந்ததோ அதுவரைக்கும் மதிப்பெண் போடுவார். அந்தத் தயவில் தேறியவர்கள் இன்று மாதாப்பூர் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் நிறையப் பேர்.

எனக்கு அது கிடைக்கவில்லை. அவர் பள்ளியிலேயே படித்த நான் ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் கணக்கில் முப்பத்து மூன்று; தேற முப்பத்தைந்து வேண்டும். பதினேழாம் கணக்குக்கு வழிமுறை இல்லாமல் விடையை மட்டும் எழுதியிருந்தேன். அப்பா பூஜ்யம் போட்டிருந்தார். அதே விடை எழுதிய, என் பக்கத்தில் உட்கார்ந்த சுமதிக்கு முழு மதிப்பெண்.

"ரெண்டு மார்க்குதானேங்க? ஊரார் பிள்ளைக்கெல்லாம் அள்ளிப் போடுறீங்க, நம்ம பொண்ணுக்கு மட்டும் நக்கோவா, வேண்டாமா?" என்று அம்மா அழுதார்.

"ஸ்டெப்பே இல்லையே, எதுக்குப் போடறது?" என்றதோடு அப்பா நிறுத்திக்கொண்டார்.

அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார்ந்தேன். பெற்ற மகளையே பெயிலாக்கிய வாத்தியார் என்று தெருவே பேசியது. அன்று முதல் அவர் தமிழில் கேட்டால் நான் தெலுங்கில்தான் பதில் சொல்வேன். கோபத்தில் தொடங்கியது பழக்கமாகிவிட்டது.

சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் கிடந்த கடைசி வாரத்தில், "எங்கிட்ட ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார். "ஏமீ லேது" என்றேன். ஒன்றுமில்லையாம். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

காரியங்கள் முடிந்து அவர் அலமாரியை ஒழித்தபோது அந்த விடைத்தாள் கிடைத்தது. கூடவே இரண்டு வினாத்தாள்கள். பார்வைக்கு ஒன்றேபோல் இருந்தன. பதினேழாம் கணக்கில் மட்டும் ஓர் எண் வேறு. பக்கத்தில் பார்த்து எழுதுகிறவர்களைப் பிடிக்க, யாரிடமும் சொல்லாமல் அப்பா செய்திருந்த மாற்றம். நான் எழுதியது சுமதியின் தாளுக்கு உரிய விடை.

காப்பி அடித்தால் தாளையே ரத்து செய்து தலைமையாசிரியரிடம் அனுப்ப வேண்டும். பள்ளியை விட்டே நீக்கிவிடுவார்கள். அப்படி அனுப்புவதில் தாட்சண்யம் பார்க்காதவர் அப்பா. என்னை மட்டும் அனுப்பவில்லை. ஒரு பூஜ்யத்தோடு விட்டுவிட்டு, ஊர்ப் பேச்சையும் என் கோபத்தையும் வாங்கிக்கொண்டார். அவருக்குத் தெரியாது என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். விடைத்தாளின் ஓரத்தில், எனக்குக் கொடுத்த எண்ணை வைத்து, முழுக் கணக்கையும் பென்சிலால் போட்டு வைத்திருக்கிறார். எனக்குச் சொல்லிக்கொடுக்க நினைத்திருப்பார். நான்தான் அவர் பக்கத்தில் உட்காரவே இல்லை.

டயாலிசிஸுக்கு முறை வைத்து அழைத்துச் சென்ற பழைய மாணவர்களையும், தினமும் ரசம் சாதம் கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அம்மாளையும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களையும் எங்கள் குடும்பம் மறக்காது.

அப்பாவுக்கு நன்றி சொல்லுமுன் வேறொன்று சொல்ல வேண்டும். நீங்கள் கேட்டபோது சொல்லாததை, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் அத்தனை பேர் முன்னிலையிலும் தமிழிலேயே சொல்கிறேன். பதினேழாம் கணக்கை நான் போடவில்லை, அப்பா. பார்த்து எழுதினேன்.