கமலா அக்கா என் தட்டிலிருந்து எடுத்த பாதி

சனிக்கிழமை காலை, உருளைக்கிழங்கு முட்டை அடையைச் சட்டியில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது கமலா அக்காவின் மகன் போன் செய்தான். "ஆன்ட்டி, அம்மா விடியக்காலமை போயிட்டா" என்றான். அடுப்பை அணைத்தேன். அந்த அடையே அக்காவுக்காகத்தான். பத்து மணிக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

ஈப்போவில் எங்களோடு நர்ஸ் வேலை பார்த்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிஸ்டர் கமலேஸ்வரி வார்டுக்குள் நுழைந்தால் டாக்டர்கூடச் சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார். "கிருமிக்கு ஆள் பாக்கத் தெரியாது, கையைக் கழுவுங்கோ" என்பார். இருபத்தெட்டு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கை வைத்ததில்லை. தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் 'எச்சில் சிஸ்டர்' என்று கேலி செய்தோமே, நினைவிருக்கிறதா? நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. கோலா கங்சார் பக்கம் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். அவர் அப்பா அங்கே பெரிய கிராணி, தோட்டத்துத் தலைமை எழுத்தர். என் அம்மா காலையில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துவிட்டு, மதியம் கிராணி வீட்டில் துணி துவைப்பார். அம்மாவுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கவென்று பின்கட்டில் ஆணியில் ஒரு தகரக் கோப்பை தொங்கும். வேறு யாரும் அதில் குடிக்க மாட்டார்கள். அதைப் பார்த்து வளர்ந்ததில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் கோப்பைக்குத்தான் போகும். மற்றவர்களுக்கு வந்ததும் எனக்கு வந்ததும் ஒன்றுதானா என்று பார்க்கும். இதைப் பற்றி அக்காவிடம் நான் வாயே திறந்ததில்லை. அவரும் திறக்கவில்லை.

போன வருஷம், கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகள் என் பிறந்தநாளுக்கு எங்கள் இருவரையும் ஒரு ஸ்பானியச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனாள். உயரமான நாற்காலி, காதைக் கிழிக்கும் பாட்டு. தாப்பாஸ் என்றால் சின்னச் சின்னத் தட்டாம். எல்லாம் மேசை நடுவில் வரும், எல்லோரும் அதிலிருந்தே எடுத்துத் தின்ன வேண்டுமாம். போச்சு, அக்காவை எங்கே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டாள் இவள்! தனிக் கரண்டி கேட்டு வாங்கி, யாரும் தொடும் முன் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து அக்காவுக்கு ஒரு தட்டில் வைத்தேன். சேர்ந்து சாப்பிடத்தான்லா இங்க வர்றதே என்று மகள் முகம் சுளித்தாள். பூண்டெண்ணெயில் கிடந்த இறாலைப் பார்த்து, நம்ம பக்கத்து மீன்பிடி ஊர் ஹுத்தான் மெலிந்தாங் இறால் இதைக் கண்டால் சிரிக்கும் என்றார் அக்கா. நானும் சிரித்து வைத்தேன்.

நான் வைத்த தட்டை அவர் தொடவில்லை. என் தட்டில், நான் பாதி கடித்து வைத்த உருளைக்கிழங்கு அடை கிடந்தது. அக்கா கையை நீட்டி அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மகளுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அந்தக் கோப்பையைக் கழுவி ஆணியில கொழுவிறது நான்தான், லெச்சுமி," என்றார். "அம்மா சொல்லித்தான் செய்தனான். ஆனா வேலைக்குப் போன பிறகும், லீவில வந்தா, உன்ர அம்மாவுக்கு அதிலதான் ஊத்திக் குடுத்தனான்."

"விடுங்கக்கா. பழைய கதை."

"பழசில்லை. இப்பவும் நீ எனக்குத் தனித் தட்டு வைக்கிறாய்."

காசநோய் வார்டுக்குள் எல்லோரும் தயங்கி நின்றபோது முதல் ஆளாகப் போனவர் அவர். அன்று அவரைப் பார்த்து மலைத்தேன். ஆனால் எழுபத்தாறு வயதில், கேட்பார் இல்லாதபோது, ஒரு மனுஷி தன் குற்றத்தைத் தானே எடுத்து மேசை நடுவில் வைத்ததைப் பார்த்தபோது வந்த மலைப்பு இன்னும் அடங்கவில்லை. என் அம்மா அதைக் கேட்க உயிரோடு இல்லையே என்று அழுதேன். அக்காவும் அழுதார்.

அந்த அடையைச் செய்யக் கற்றுக்கொண்டேன். சனிக்கிழமைதோறும் கொண்டுபோவேன். ஒரே தட்டில் ஆளுக்குப் பாதி. "கடைக்காரன்ரயை விட உன்ரது திறம். உப்புத்தான் காணாது" என்று வாராவாரம் மெச்சிவிட்டு உப்புக் குறையையும் சொல்வார்.

சாவு வீட்டில் அவருடைய உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். யாரோ ஒரு பெண் காபி கொடுத்தாள், குடித்தேன். வீட்டுக்கு வந்து, சட்டியில் ஆறிக் கிடந்த அடையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அந்தக் காபி எந்தக் கோப்பையில் வந்தது என்று நான் பார்க்கவே இல்லை. தகரமா பீங்கானா, மற்றவர்கள் கையில் இருந்தது போன்றதா, கேட்டால் சொல்லத் தெரியாது. என் ஆயுசில் இதுதான் முதல் தடவை.

அக்கா எனக்கென்று விட்டுப்போனது அது. அடையை இரண்டாக வெட்டி, இரண்டு பாதியையும் நானே தின்றேன். உப்புக் காணாதுதான்.