தலைதட்டாத அளவு

சுட்ட துப்பாக்கிக் குழலை வெந்நீர் ஊற்றிக் கழுவினால் கூமுட்டை நாற்றம் வரும். எங்கள் வீட்டுப் புறவாசலில் அந்த நாற்றம் எப்போதும் உண்டு. அம்மா அங்கே ஒரு மல்லிகைக் கொடி வைத்துப் பார்த்தாள். பூத்தது. பூவும் அப்படித்தான் நாறியது.

எங்கள் ஊர் பாபநாசத்துக்குக் கிழக்கே, ஆற்றின் வடகரையில் இருக்கிறது. மேலே மலை, கீழே ஆறு, நடுவில் நெல். மலையிலிருந்து பன்றி இறங்கினால் ஒரே இரவில் வயலை உழுதுவிடும். அதனால் நிலம் உள்ளவர்கள் சிலர் சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி வைத்திருந்தார்கள். அவற்றைப் பழுது பார்ப்பதும், சுட்டுக் காலியான பித்தளைத் தோட்டாக்களில் மறுபடி மருந்து நிரப்பிக் கொடுப்பதும் என் தகப்பனாரின் தொழில். நாங்கள் அவரை அய்யா என்போம். அவரும் அதற்கென்று ஒரு லைசென்ஸ் வைத்திருந்தார். துப்பாக்கிக்குப் போடும் கரிமருந்தை எங்கள் வீட்டில் வெறுமனே "மருந்து" என்றுதான் சொல்வது. காய்ச்சலுக்குக் குடிப்பதைத்தான் "ஆஸ்பத்திரி மருந்து" என்று நீட்டிச் சொல்வோம்.

தோட்டாவுக்குள் முதலில் மருந்து. அதன்மேல் கம்பளியில் வெட்டிய "தக்கை". அதன்மேல் ஈய ரவை. கடைசியில் ஒரு அட்டை. மருந்தை அய்யாதான் அளப்பார். தக்கை அம்மா வைப்பாள். ரவையும் அட்டையும் என் பாடு. எனக்கு அப்போது ஒன்பது வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள்.

ஜெர்மன் சண்டை தொடங்கியதற்கு முந்தின வருஷம் சாரல் விடாமல் அடித்தது. அதுவரை அய்யா மூங்கில் குழாயில்தான் மருந்து அளந்தார். அந்தச் சாரலில் மூங்கில் ஊதிவிட்டது. துப்பாக்கிக்காரர்கள் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். கீழத்தெரு அண்ணாச்சி ஒருவர் தோளைத் தடவிக்கொண்டே வந்தார்.

"ஒரு தோட்டா மாடு முட்டுன மாதிரி இடிக்கி, அடுத்தது பூனை தும்முன மாதிரி இருக்கு. என்னவே அளக்கீரு?"

அய்யா மூங்கில் குழாயை எடுத்து அடுப்புப் பக்கம் போட்டார்.

வேறு அளவு தேட ஒரு மாசம் ஆனது. தட்டாசாரி ஒருவர் அய்யாவுக்குக் கூட்டாளி. பொன் நிறுக்கும் சின்னத் தராசையும் ஒரு கை குன்றிமணியையும் எடுத்துக்கொண்டு, அடுப்பு எரியாத நேரமாகப் பார்த்து வருவார். ஒவ்வொரு அளவிலும் பத்துத் தடவை மருந்து எடுத்து, பத்தையும் குன்றிமணி வைத்து நிறுத்தார்கள். பத்தும் ஒன்றுபோல் வர வேண்டும் என்பது அய்யா போட்ட விதி.

"ஏன்வே, பன்னி உரைகல்லுல உரசிப் பாத்துட்டா சாகப் போவுது?" என்றார் தட்டாசாரி.

"பன்னிக்கு இல்ல. சுடுதவனுக்கு" என்றார் அய்யா.

மாட்டுக் கொம்பில் வெட்டிய அளவு முதலில் தோற்றது. வாய் அகலம்; மேல்மட்டம் நூல் அளவு மாறினாலும் எடை நிறைய மாறியது. அடுத்தது ஒரு பித்தளைக் குப்பி. மலைத்தோட்டத்துத் துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. மேலே நாய்ப்படம் செதுக்கியிருக்கும். மூடியில் ஒரு வில். கவிழ்த்துப் பெருவிரலால் அமுக்கினால் ஒரு அளவு மருந்து தானே விழும். எங்கள் வீட்டில் அதுபோல அழகான சாமான் வேறு கிடையாது. அதையும் பத்துத் தடவை நிறுத்தார்கள். ஒன்றுக்கொன்று சேரவில்லை.

"இது நெறஞ்சிருக்கப்ப ஒரு பேச்சு பேசுது, கொறஞ்சிருக்கப்ப ஒரு பேச்சு பேசுது. பைய அமுக்குனா ஒண்ணு, வெடுக்குனு அமுக்குனா ஒண்ணு" என்று அய்யா அதை ஒதுக்கினார்.

"பாக்க லெச்சணமா இருக்கே" என்றாள் அம்மா.

"லெச்சணம் தோளை இடிக்கும்."

கடைசியில் ஜெயித்தது ஒரு செத்த தோட்டா. அடி தேய்ந்து இனி உதவாது என்று எறிந்ததை எடுத்து, கழுத்தை அரத்தால் அறுத்து, கம்பியில் ஒரு கைப்பிடி பற்றவைத்தார். குறுகிய வாய், நேரான சுவர். அதில் மருந்தை முகந்து, குலுக்காமல், தட்டாமல், கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட வேண்டும். அதற்குத் "தலைதட்டு" என்று பெயர். பத்துத் தடவையும் தராசு முள் அசையவில்லை. தட்டாசாரி குன்றிமணிகளை மடியில் கட்டிக்கொண்டு, "இனி என் சோலி முடிஞ்சுது" என்றார். அய்யா அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாக ஒரு அளவு அறுத்தார். அதில் ஆகச் சிறியது என் மாமாவுடையது.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. சாத்தான்குளத்துப் பக்கம் பனங்காட்டு ஊர். அந்த வருஷம்தான் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்து, ஒரு பண்ணையில் பன்றிக் காவலுக்குச் சேர்ந்தார். அத்தை அப்போது முழுகாமல் இருந்தாள். பண்ணையார் அவரிடம் கொடுத்தது மிகப் பழைய துப்பாக்கி. உள்ளே துரு தின்று குழல் மெலிந்திருந்தது. அய்யா அதைக் கண்ணருகே வைத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மாமாவிடம் சொன்னார்.

"இது கெழவன் வயிறு. கொஞ்சமாத்தான் போடணும். ஒரு சிட்டிகை கூடினாலும் தாங்காது."

மாமா விளையாட்டுப் பேர்வழி. சாப்பிட வரும்போதெல்லாம் அம்மாவிடம் இதையே சொல்வார். "அத்தான் எனக்குக் கண்ணுல விடுத மருந்து மாதிரில்லா அளந்து தாராவ. நான் சுட்டா பன்னி திரும்பி நின்னு, 'கூப்பிட்டியாலே'ன்னு கேக்கு."

நாங்கள் சிரிப்போம். அம்மா சிரிக்க மாட்டாள். சின்ன அளவை அவள் கையில் எடுத்துப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். "ஊர்க்காரனுக்கெல்லாம் பெருசு, என் கூடப்பொறந்தவனுக்கு மட்டும் இம்புட்டுக் கிண்ணம்" என்று ஒருநாள் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வியாபாரிக்கு நெல் அளந்தால் தலைதட்டுவோம். சொந்தக்காரனுக்கு அளந்தால் தட்டமாட்டோம். மரக்காலைக் குலுக்கி, கோபுரம் மாதிரிக் குவித்து, வழிந்தாலும் வழியட்டும் என்று போடுவோம். பிறந்த வீட்டு ஆளுக்குத் தலைதட்டி அளப்பது அவனை வாசலில் நிறுத்திவைத்துப் பேசுவதற்குச் சமம். அம்மாவுக்கு அளவு என்றால் அதுதான்.

ஐப்பசியில் அய்யா லைசென்ஸ் புதுப்பிக்கப் பாளையங்கோட்டைக்குப் போனார். போய்வர மூன்று நாள். இரண்டாம் நாள் உச்சிப்பொழுதில் மாமா வந்தார். பன்றி மந்தையாக இறங்குகிறது, தோட்டா தீர்ந்துபோயிற்று, ஐந்து வேண்டும் என்றார்.

"அவிய வரட்டும்லே" என்றாள் அம்மா.

"அத்தான் வாரதுக்குள்ள பன்னி அறுவடையே முடிச்சிரும்."

அம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் வீட்டுக்கு அது புது வேலை இல்லை. சரியான அளவைத்தான் எடுத்தாள், மாமாவுடைய சின்ன அளவு. அதில் தப்பு இல்லை. மருந்தில் முக்கி எடுத்தாள். கிண்ணத்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். மருந்து அமுங்கியது. மறுபடி முகந்தாள். மேலே கூம்பாக நின்றது. கத்தி பக்கத்தில்தான் கிடந்தது. அதை எடுக்கவில்லை.

"லாபம்" என்று சொல்லி முதல் தோட்டாவில் கொட்டினாள். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்பதுதான் வழக்கம். பிறகு ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.

அன்றைக்குத் தக்கை வைத்தது நான். முதல் தோட்டாவிலேயே என் பெருவிரலுக்குத் தெரிந்தது. வழக்கமாகத் தக்கை உள்ளே இறங்கி நிற்கும் இடத்துக்கு இது இறங்கவில்லை. நான் அம்மாவைப் பார்த்தேன்.

"அமுக்குட்டி. போவும்" என்றாள்.

குச்சியை வைத்து அமுக்கினேன். போயிற்று. ஐந்தையும் அப்படியே அமுக்கினேன்.

மாமா தோட்டாக்களைத் தோள்பையில் போட்டுக்கொண்டு, "மருமவளே, நாளைக்குப் பன்னிக்கறி" என்று சொல்லிப் போனார்.

விடிகிற நேரத்தில் நாலு பேர் கட்டிலில் வைத்துக் கொண்டுவந்தார்கள். முதல் சூட்டிலேயே குழல் கைப்பிடிப் பக்கம் பிளந்துவிட்டது. முகத்தைத் துண்டு போட்டு மூடியிருந்தார்கள். மூச்சு இல்லை. துப்பாக்கியைப் போலீஸ் கச்சேரிக்காரர்கள் எடுத்துப் போனார்கள். தோள்பையை ஒருவர் கட்டில் காலில் மாட்டியிருந்தார். அது எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

அம்மா இரத்தத் துணிகளை அலச ஆற்றுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவள் பையைத் திறந்தாள். நாலு தோட்டா இருந்தது. கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாக ஆழத்துப் பக்கம் எறிந்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாதே என்று என்னிடம் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை.

அய்யா மறுநாள் வந்தார். அடக்கம் முடிந்திருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "பையில மிச்சத் தோட்டா இருந்துதா?"

"பை வெறும் பையாத்தான் வந்துது" என்றாள் அம்மா.

"தலைதட்டித்தான அளந்த?"

"பின்ன எப்படி அளப்பாவ?"

அய்யா என்னையும் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் தட்டாசாரியைக் கூப்பிட்டு, மாமாவின் அளவில் மறுபடி பத்துத் தடவை எடுத்து நிறுத்தார். பத்தும் ஒன்றுபோல் வந்தது. "அளவு சரியாத்தான்வே இருக்கு. பழைய குழல், அது எப்படியும் போயிருக்கும்" என்றார் தட்டாசாரி. அது மெய்யாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனால் அய்யா வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். அளவு பிசகவில்லை, குழல் வெடித்தது. ஆகவே அந்தக் குழலுக்கு இந்த அளவு போதும் என்று முடிவு செய்த தன் புத்திதான் பிசகு என்று எண்ணிக்கொண்டார். அளவு அத்தனை சரியாக இல்லாதிருந்தால் ஒருவேளை வேறு எதையாவது சந்தேகப்பட்டிருப்பார்.

அத்தை பிறந்த ஊருக்கு வண்டி ஏறும் நாளில் எங்கள் வாசலில் நின்று, "என் தாலிய அளந்து அறுத்துட்டீருவே" என்று அய்யாவைப் பார்த்துச் சொன்னாள். அதற்குமுன் பெண்பிள்ளை யாரும் அவரை வே போட்டுப் பேசியதில்லை. அய்யா, "ஆமா தாயி" என்றார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

அய்யா லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாய்க்கால் வெட்டுக்குக் கூலியாகப் போனார். அம்மா ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்கு வருவதை நிறுத்தவில்லை. அப்பமும் ரசமும் கொடுக்கும் ராப்போசனத்துக்கு மட்டும் எழுந்து போகமாட்டாள்; பாவத்தை மறைத்துக்கொண்டு அதை வாங்கக்கூடாது என்பார்கள். எல்லோரும் முன்னே போய் முழங்கால் போடும்போது அவள் பாயிலேயே உட்கார்ந்திருப்பாள். உபதேசியார் கேட்டதற்கு வயிற்றுவலி என்றாள். பதினோரு வருஷம் அதே வயிற்றுவலி. அதோடேயே செத்தாள்.

அய்யா பிறகும் நெடுநாள் இருந்தார். கடைசிப் படுக்கையில் ஒருநாள், "ஏட்டி, ஒரு சிட்டிகை கொறச்சிருக்கணும்" என்றார். எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆற்றி முடித்து வாயில் ஊற்றினேன். அதற்குப்பின் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை.

இப்போது மேலே அணை கட்டியாயிற்று. பண்ணை துண்டு துண்டாகப் பிரிந்துபோயிற்று. பன்றி இறங்கினால் தகரத்தைத் தட்டுகிறார்கள். ஊரில் துப்பாக்கி இல்லை, தோட்டா நிரப்புகிறவனும் இல்லை, நெல்லைக்கூட மூட்டையாக நிறுத்துத்தான் கொடுக்கிறார்கள். தட்டாசாரி, அத்தை யாரும் இல்லை. அத்தை வயிற்றில் இருந்த பிள்ளை மட்டும் சாத்தான்குளத்துப் பக்கம் இருக்கிறான். அவனுக்கும் தலை நரைத்திருக்கும். எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு அவன் வந்ததில்லை. போன வருஷம் என் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினேன். உன் தகப்பன் என் தகப்பனைக் கொன்றவன் என்று பின்பக்கத்தில் எழுதித் திருப்பி அனுப்பினான்.

தம்பி, அளந்தது என் அய்யா இல்லை. உன் அத்தை, என் அம்மா. அமுக்கினது நான்.