பச்சைக் கைலியும் வெந்நீர்த் தொட்டியும்

பிள்ளைகளா, மூன்று பேரும் இதை உட்கார்ந்து படிக்க வேண்டும். பெரியவளுக்கு நடந்தது தெரியும், இருந்தாலும் அவளும் படிக்கட்டும். சின்னவர்கள் இரண்டு பேரும், அக்கா போனில் சொன்ன பாதிக் கதையை வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் "எங்கப்பா ஜப்பான் போயி தொட்டிக்குச் சாயம் போட்டுட்டு வந்தாரு" என்று சொல்லிச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். ஆனால் மீதிப் பாதியை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

நான் தமிழ் எழுதப் படித்தது கோயில் மாலை வகுப்பில், நாலு வருஷம். அதற்குப் பிறகு பம்பு பட்டறைக்கு வந்துவிட்டேன். பிழை இருந்தால் சின்னவள் திருத்தட்டும். பர்மாப் பேச்சு ஓடுகிற வேகத்தில் உங்களுக்குத் தமிழ் எழுத்து ஓடாது. மெதுவாகவே படியுங்கள், அவசரம் இல்லை.

அக்கா அந்த மலை விடுதியில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிற சமயம் அது. பூமிக்குள்ளிருந்து வெந்நீர் தானாக மேலே வருகிற ஊர். அந்தத் தண்ணீரில் குளிக்கத்தான் ஆட்கள் வந்து தங்குகிறார்கள். அக்கா அங்கே சமையல்கட்டில் பாத்திரம் கழுவினாள், மெத்தை மடித்தாள். அறை வேலை அவளுக்குத் தரவில்லை. அறை வேலை என்றால், வருகிறவர்களை வாசலில் மண்டிபோட்டு வணங்கி, அறைக்குக் கூட்டிப்போய், தேநீர் ஊற்றி, இங்கே எது எப்படி என்று எடுத்துச் சொல்லி, சாப்பாடு பரிமாறி, அவர்கள் கிளம்பும்வரை கூடவே பார்த்துக்கொள்வது. அந்த வேலை தெரிந்தவளைத்தான் விடுதியை நடத்துகிற அம்மா மூன்றாம் வருஷத்துக்கு வைத்துக்கொள்வார். தெரியாவிட்டால் சித்திரையில் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

திரும்பி வந்தால் இங்கே என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். போவதற்கு முன்னால் இங்கே ஷ்வேப்யிதா பக்கம் ஒரு தையல் கம்பெனியில் மூன்று வருஷம் சட்டைக் காலர் மட்டும் தைத்தாள். இப்போது அந்தக் கம்பெனியும் இல்லை.

குளிர் மாதத்தில் அங்கே கூட்டம் குறைவு. விடுதி அம்மா அக்காவைக் கூப்பிட்டு, "உங்கப்பாவை வரச் சொல். காலி அறையில் இரண்டு நாள் விருந்தாளியாக இருக்கட்டும். எல்லாம் நீயே செய். பெத்த அப்பா குறை சொல்ல மாட்டார், அதனால நானே கூட நின்று பார்க்கிறேன்" என்றாராம். எனக்குப் பாஸ்போர்ட், விசா எல்லாம் வந்தது இப்படித்தான்.

கிளம்பும்போது உங்கம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "அங்க போயும் குழாயத் திருகிப் பாக்காதீங்க. பிள்ள கஷ்டப்படுதுன்னு எந்திரிச்சு ஒத்தாச பண்ணப் போகாதீங்க. சும்மா உக்காந்திருங்க. உங்களால அது ஒண்ணுதான் முடியாது, அதச் செய்யுங்க." விமானத்தில் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. ஒரு தட்டைத் தொட மாட்டேன், ஒரு கதவைத் திறக்க மாட்டேன், என் பிள்ளைக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வருவேன் என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

வாசலில் அக்கா அந்த ஊர் உடுப்பில் மண்டிபோட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நெற்றி தரையில் படும்படி குனிந்து ஜப்பான் பேச்சில் என்னவோ நீளமாகச் சொன்னாள். என் கை அவளைத் தூக்கப் போனது. இழுத்துக்கொண்டேன். பின்னால் விடுதி அம்மா நின்றுகொண்டிருந்தார், ஒல்லியான ஆள், கண் மட்டும் எங்கள் மேலேயே இருந்தது.

அக்கா எழுந்து, உதடு அசையாமல் தமிழில் பேசினாள்.

"அப்பா, பையக் குடுங்க."

"கனம்மா."

"குடுங்கப்பா, பாக்குறாங்க."

"உள்ள அம்மா குடுத்த ஊறுகாய் பாட்டில் இருக்கு."

"நான் தினம் அரிசி மூட்டை தூக்குறேன், ஊறுகாயா பெருசு? சிரிச்ச மாதிரி வாங்க. பல்லு வலிக்கிற மாதிரி இருக்கு உங்க மூஞ்சி."

பையைக் கொடுத்தேன். என் செருப்பையும் அவளே எடுத்து வைத்தாள். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அறையில் நாற்காலி கிடையாது, பாய் பரப்பிய தரை, ஒரு குட்டை மேசை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. விடுதி அம்மா கதவோரம் உட்கார்ந்திருந்தார். அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள். சாப்பாடு எத்தனை மணிக்கு, நெருப்புப் பிடித்தால் எந்த வழியாக ஓடுவது, அங்கே கொடுக்கிற அங்கியில் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும். கடைசியாகக் குளியல்.

"கீழ போனா நீலத் துணி தொங்கும், அது ஆம்பளைங்க பக்கம். தொட்டியில நேரா எறங்கக்கூடாது. வெளிய உக்காந்து சோப்புப் போட்டு நல்லா கழுவிட்டுத்தான் எறங்கணும். அப்புறம்..."

"அப்புறம்?"

"அவ்வளவுதாம்பா. சூடா இருக்கும், மெதுவா எறங்குங்க."

விடுதி அம்மா ஏதோ கேட்டார். அக்கா தலையை ஆட்டி ஆமாம் என்றாள். இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

நாம் எப்படிக் குளிப்போம்? நம் கட்டடத்துக்குப் பின்னால் தொட்டியடியில் ஆணும் பெண்ணும் கைலியைக் கட்டிக்கொண்டே ஊற்றிக்கொள்வோம், ஈரத்தின் மேலேயே காய்ந்ததை மாற்றிக்கொள்வோம். நான் குழந்தையாக இருந்ததிலிருந்து அப்படித்தான். பயணத்துக்கென்று க்யிம்யிண்டைங் சந்தையில் வாங்கிய பச்சைக் கட்டம் போட்ட புதுக் கைலி ஒன்று வைத்திருந்தேன். அதைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனேன்.

உள்ளே இரண்டு வயசானவர்கள் இருந்தார்கள். அவர்கள் உடம்பில் ஒன்றும் இல்லை. அது அவர்கள் வழக்கம், இது நம் வழக்கம் என்று நினைத்து, மரியாதையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா சொன்ன மாதிரியே சோப்புப் போட்டேன், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. பிறகு தொட்டியில் இறங்கினேன். கைலி காற்றைப் பிடித்துக்கொண்டு பூசணிக்காய் மாதிரி மேலே உப்பியது. அதை இரண்டு கையாலும் அமுக்கினேன். அமுக்க அமுக்க, என்னைச் சுற்றித் தண்ணீர் பச்சையாகிக்கொண்டே வந்தது. வெந்நீரில் சாயம் எப்படிப் பிரியும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது.

ஒருவர் சட்டென்று எழுந்து வெளியேறினார். இன்னொருவர் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார். அப்புறம் ஆட்கள் ஓடி வந்தார்கள். தொட்டியையே திறந்துவிட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டியதாகிவிட்டது. தண்ணீர் வருகிற குழாய் ஒன்றரை இஞ்சு. நிரம்ப மூன்று மணி நேரம் ஆகும் என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் அன்றைக்கு யாருக்கும் குளியல் இல்லை.

சின்னவர்களே, உங்களுக்குத் தெரிந்த கதை இத்தோடு முடிகிறது.

அறையில் அங்கியோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து கதவைச் சாத்தினாள்.

"அந்தம்மா என்ன கேட்டாங்க?"

"எல்லாம் சொன்னியான்னு கேட்டாங்க."

"'நான் சொன்னேன், எங்கப்பாவுக்குத்தான் காது மந்தம்'னு சொல்லிடு. நான் ஊருக்குப் போறவன், எனக்கென்ன."

"சொல்லலன்னு சொல்லிட்டேம்பா."

"ஏம்மா?"

"சொல்லலதானே."

அவள் பாயைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வேற யாரா இருந்தாலும் சொல்லிருப்பேன். நூறு தடவ பேசிப் பழகி வச்சிருக்கேன். உங்ககிட்ட எப்படிப்பா... துணிய..."

"தொட்டி அழுக்கானதுக்குக் கோவமா?"

"தொட்டி கழுவினா போச்சுன்னாங்க. எல்லாம் சொல்லியாச்சான்னு கேட்டப்ப ஆமான்னு தலையாட்டினேன்ல, அதுதான். சொல்ல முடியாத எடம்னு ஒண்ணு இருந்தா அறைக்கு அனுப்ப முடியாதாம். சித்திரைக்கு டிக்கெட் போடச் சொல்லுவாங்கன்னு நெனைக்கிறேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். அழாமல் மேசையைத் துடைத்தாள், ஏற்கெனவே துடைத்த மேசையை.

"அவங்களக் கூப்பிடு" என்றேன்.

"எதுக்கு? கெஞ்சப் போறீங்களா? வேணாம்பா, அசிங்கம்."

"நான் யார்கிட்டயும் கெஞ்சினது கிடையாது. நான் விருந்தாளி. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, கேக்கணும். வந்து அதே எடத்துல உக்காரச் சொல்லு."

விடுதி அம்மா வந்து கதவோரம் உட்கார்ந்தார். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். அக்கா எதிரே மண்டிபோட்டாள்.

"எனக்கு இங்க குளிக்கிற முறை தெரியல. முதல்லருந்து சொல்லும்மா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. காது இரண்டும் சிவந்தது. நீலத் துணியிலிருந்து ஆரம்பித்தாள், சோப்பு வரை வந்தாள், நின்றாள். நான் காத்திருந்தேன். எனக்கும் அந்த இடத்தை விட்டு எழுந்து ஓட வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் நான் தலையைக் குனிந்தால் அவளும் விட்டுவிடுவாள். அதனால் கண்ணை எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்தேன்.

"உடம்புல ஒரு துணியும் இருக்கக்கூடாது" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி சொன்னாள். "உடம்புல ஒரு துணியும் இருக்கக்கூடாது. எல்லாத்தையும் கழட்டிக் கூடையில வச்சிடணும். கையில ஒரு சின்னத் துண்டு குடுப்போம். அதுவும் தண்ணியில படக்கூடாது."

"கைலி?"

"கைலியும்தான்."

"புதுசும்மா, க்யிம்யிண்டைங்ல பேரம் பேசி வாங்கினது."

"புதுசா இருந்தா ரொம்பவே கூடாது."

விடுதி அம்மா என்ன பேச்சு என்று கேட்டார். அக்கா முதலிலிருந்து கடைசி வரை ஜப்பானில் சொன்னாள், கைலி விலையைக்கூட. அந்தம்மாவின் வாய் ஓரம் கொஞ்சம் இழுபட்டது. சிரித்தாரா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

மறுநாள் காலையில் நான் மறுபடி நீலத் துணிக்குள் போனேன். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போயிருக்கலாம். வேண்டாம் என்று நினைத்தேன். என் பிள்ளை சொன்ன முறை என்ன என்பதை, நேற்றுப் பார்த்தவர்களே இன்றைக்கும் பார்க்கட்டும். எல்லாவற்றையும் கழற்றிக் கூடையில் வைத்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து உங்கம்மாகூட என்னைப் பட்டப்பகலில் அப்படிப் பார்த்தது இல்லை. கதவிலிருந்து தொட்டிக்கு எட்டு அடி. அந்த எட்டு அடியையும் ஓடாமல் நடந்தேன்.

அதே இரண்டு பேரும் இருந்தார்கள். தண்ணீரை அள்ளிப் பார்த்தவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், மற்றவர் சிரித்து நகர்ந்து இடம் விட்டார். நான் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கினேன். சூடு எலும்பு வரை போனது. காலைச் சாப்பாட்டின்போது அவரே அக்காவிடம் அதைத் திரும்பச் சொல்லித்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. "இன்னிக்குத் தண்ணிக்கு என்ன கலர்" என்று கேட்டாராம்.

அன்றைக்கு முழுதும் நான் சும்மா இருந்தேன். அவள் கொண்டுவந்து வைத்தாள், சாப்பிட்டேன். மெத்தை விரித்தாள், படுத்தேன். உங்கம்மா பார்த்திருந்தால் எனக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்திருப்பாள்.

மூன்றாம் நாள் நான் கிளம்புகிற சின்ன பஸ்ஸிலேயே புது விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள், ஒரு கிழவரும், மகனும், மருமகளும். அக்கா என் பையோடு வாசலில் நின்றாள். அறை வேலை செய்கிற பெரிய பெண்மணி அவர்களைப் பார்த்து முன்னால் வந்தாள். விடுதி அம்மா அவளைக் கையால் நிறுத்தினார். என் பையை அக்காவிடமிருந்து தானே வாங்கிக்கொண்டு, அக்காவின் முதுகில் லேசாகத் தட்டி முன்னால் அனுப்பினார்.

அக்கா அங்கேயே மண்டிபோட்டுக் குனிந்தாள். அந்த நீளமான வணக்கத்தைச் சொன்னாள். நான் அவளைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கிழவரின் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள், பையை வாங்கினாள், மூன்று பேரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தக் கிழவரிடம் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்வாள்.

விடுதி அம்மா பையை பஸ்ஸில் வைத்துவிட்டு என்னை வணங்கினார். நானும் வணங்கினேன். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான பேச்சு எதுவும் இல்லை.

டிரைவர் பனியில் வழுக்காமல் இருக்க டயரில் சங்கிலி மாட்டிக்கொண்டு வெளியே இருந்தார். பஸ்ஸில் நான் ஒருவன்தான். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். அவள் இடத்தில் நான் இருந்தால் எனக்கு வாய் வருமா என்று பார்க்க, முன் சீட்டில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொண்டு, அவள் என்னிடம் சொன்னதை நான் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "அம்மாடி, உடம்புல ஒரு..." அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, சின்னத் துண்டு வரைக்கும் சத்தமாகச் சொல்லி முடித்தேன்.