குத்தாலத்துல பேயுதா?

எங்க பக்கத்தில் மழை பெய்யுதுன்னு யாரும் சொல்வதில்லை. ‘பேயுது’ம்போம். அந்த ஒரு சொல்லால்தான் குத்துக்கல்வலசை சந்தனமாரிக்குப் பேய்க்கதைப் பைத்தியம் பிடிச்சது.

ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜில் பதினாலு வருசமா அறை கூட்டித் துடைக்கிறவள் அவள். அந்த வாசலில்தான் நான் அருவியில் குளிக்க வாறவங்களுக்கு எண்ணெய் தேய்க்கிற பலகை போட்டிருக்கேன். திருப்பூரில் வேலை பார்க்கிற அவள் மகள் ஜெயபிரியா தன் பழைய போனைக் கொடுத்து, எழுத வேண்டாம், மைக்கை அமுக்கிப் பேசினால் போதும்னு சொல்லிட்டுப் போனாள். விடிஞ்சதும் சந்தனமாரி கேட்டது ஒரே கேள்வி. “குத்தாலத்துல பேயுதா?” சாரல் விழுந்தால் லாட்ஜ் படுக்கை விரிப்பு காயாது, முந்தின பஸ்ஸைப் பிடிக்கணும். அதுக்காகக் கேட்டாள். போன் குற்றாலத்துப் பேய்க்கதைகளாக் கொண்டுவந்து கொட்டியது.

ஒண்ணைக் கேட்டாள். அது காசு கேட்கவில்லை. இன்னொண்ணு கேட்டாள். அப்புறம் அறை கூட்டும்போதெல்லாம் அதுதான். காலி வாளிக்குள் போனை நிறுத்தி வச்சால் சத்தம் கணீர்னு வரும்; கிணத்துக்குள்ளிருந்து பேய் பேசுற மாதிரியே இருக்கும். நாள்பட நல்லாத் தேறிட்டாள். ஆரம்பத்திலேயே விளம்பரம் பேசுறவன் கதை உருப்படாது, பணம் கட்டச் சொன்னால் விரலை எடுத்துரணும், அதே கதையை வேற ஒருத்தன் சும்மா போட்டிருப்பான்னு எனக்கே பாடம் எடுப்பாள்.

போன ஆனியில் ஒருநாள் போனும் கையுமா வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, இது நம்ம பின்படிக்கட்டுல்லா?”

பார்த்தேன். நம்ம படிக்கட்டுதான். மங்கலா ஒரு வெள்ளை உருவம், தலையிலிருந்து முழங்கால் வரைக்கும் மூடிக்கிட்டு ஏறுது. கையில் உருண்டையா என்னமோ தொங்குது. பதினொன்னாம் அறையில் செத்துப்போன பொம்பளையாம், வெட்டுப்பட்ட தன் தலையைத் தானே தூக்கிக்கிட்டு நடக்காளாம். அந்த வீடியோ போட்ட சேனல்காரன் லாட்ஜ் பேரையும் சொல்லிட்டான்.

“தலைங்கானே, அது என் வாளி அண்ணாச்சி” என்றாள்.

சாரலுக்கு நனையாம இருக்க விரிப்பைத் தலையில் போட்டுக்கிட்டு மாடி ஏறியிருக்கிறாள். அறையில் தங்கின எவனோ ஜன்னல் கண்ணாடி வழியா எடுத்து அந்தச் சேனலுக்கு அனுப்பிட்டான். நாலு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

சீசனுக்கு அறை சொல்லி வச்சிருந்த குடும்பங்கள் ஒவ்வொண்ணா வேண்டாம்னு போன் போட்டன. முதலாளி ஆவுடையப்பன் அண்ணாச்சிக்குக் கோபம் முழுக்க இவள் மேல். ஆடியும் இப்படியே போனால் பின்கட்டைப் பூட்டிருவேன், அப்புறம் கூட்டுறதுக்கு ஒரு ஆள் போதும், அது நீ இல்லைன்னு சொல்லிட்டார். அவள் அழவில்லை.

“ஆடி பிறக்கட்டும் அண்ணாச்சி. அதுக்குள்ள நான் சரியாக்கிருதேன்” என்றாள். அவ்வளவுதான்.

முதலில் அந்த வீடியோவுக்குக் கீழேயே மைக்கை அமுக்கி, அது பேய் இல்லை, நான்தான்னு போட்டாள். பேயே கமெண்ட் போடுதுலேன்னு நூறு பேர் சிரிச்சார்கள். தப்பான வீடியோன்னு புகார் கொடுத்தாள், பதில் இல்லை. பிறகு அதைக் கடைசி வரைக்கும் ஓடவிட்டுப் பார்த்தாள். உங்க அனுபவத்தைச் சொல்லுங்கன்னு ஒரு நம்பர் வந்தது. வீடியோவை அழின்னு சொன்னால் போனை வச்சிருவான்னு அவளுக்குத் தெரியும். அந்த நம்பருக்குப் போன் போட்டு, எங்கிட்ட ஒரு பேய்க்கதை இருக்கு, நேரில்தான் சொல்லுவேன்னாள். சேனல்காரன் ஜோயல் தன் கடையத்து வீட்டுக்கு அவனே வழி சொன்னான்.

மறுநாள் லீவு போட்டாள். அதே விரிப்பு, அதே வாளி. தென்காசியில் பஸ் மாறிக் கடையத்தில் இறங்கி, அவன் வீட்டு வாசலில் நல்ல உச்சி வெயிலில் விரிப்பைத் தலையில் போட்டுக்கிட்டு வாளியைத் தொங்கவிட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். சாப்பிட்ட கையோடு வந்து திறந்தவன் அப்படியே நின்னுட்டான்.

“யாரு?”

“நீ போட்ட பேய்தான் தம்பி. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு.”

உட்கார வச்சுத் தண்ணி கொடுத்தான். எல்லாம் ஒரு பொழுதுபோக்குதானக்கா, நீங்களும் எங்க கதையைச் சும்மா கேக்குதவங்கதானேன்னு மழுப்பினான்.

“ஓசியிலதான் கேட்டேன், இல்லைங்கல. பேரில்லாத ஊருல எத்தனை பேய வேணும்னாலும் நடக்கவிடு. என் படிக்கட்டுல விடாத. அது நான் கஞ்சி குடிக்கிற இடம்.”

அழிச்சால்தான் எழுந்திருப்பேன்னு வாளியைப் பக்கத்தில் வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாள். மூணு மணிக்குக் கடைசி பஸ்ஸான்னு அவன் கேட்டதுக்கு, ராத்திரி பத்து வரைக்கும் பஸ் இருக்கு, அவசரமில்லைன்னாள். அவள் கண்ணு முன்னாலேயே அழிச்சான். அதோட விடவில்லை. அதே வாசலில் வச்சுப் புது வீடியோ எடுக்கச் சொன்னாள். விரிப்பை விலக்கி முகத்தைக் காட்டினாள். வாளியைக் கவிழ்த்துக் காட்டினாள். நம்பாதவங்களுக்கு ரேசன் கார்டையும் காட்டினாள்.

அதைப் பழசைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். ஆடி பிறந்து, அருவியில் தண்ணி விழுந்து, கூட்டம் வந்தது. வாறவன் எல்லாம் முதலில் கேட்கிறது பதினொன்னாம் அறைதான். ஆவுடையப்பன் அண்ணாச்சி பின்கட்டுச் சாவிக்கொத்தை அவள் கையில் கொடுத்துட்டுப் போயிட்டார்.

நேற்று மதுரையிலிருந்து வந்த ஒருத்தர், நிஜமாவே பேய் வருமாம்மான்னு அவளிடம் கேட்டார்.

“காலைல ஏழு மணிக்கு வரும் சார். அழுக்கு விரிப்பை எடுத்து வெளிய போட்டுருங்க.”