மானியத் தார்ப்பாய்

எங்கள் வீட்டில் குலதெய்வத்துக்கு அடுத்த இடம் ஒரு தார்ப்பாய்க்கு. நெல் போடுகிறவர்களுக்கு அரசாங்கம் பாதி விலை மானியத்தில் கொடுத்தது. அதற்காக நைனா சிங்கவரத்திலிருந்து செஞ்சி விவசாய ஆபீசுக்கு அலையாய் அலைந்தார். கைக்கு வந்த அன்று, பிளாஸ்டிக் உறையின் மேலேயே மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

காரணம், கொடுக்கும்போது அதிகாரி அம்மா சொன்ன ஒரு வார்த்தை. "இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருவோம், பத்திரமா வெச்சிருங்க." அவர் அடுத்த ஆளிடமும் அதையே சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். நைனா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பாய் அழுக்கானால் பெயரை அடித்துவிடுவார்கள், அப்புறம் விதை, உரம் எதற்கும் மானியம் வராது என்று அவராகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்.

அறுப்பு முடிந்து நெல்லை ரோட்டில் காயப்போட்டிருந்தோம். அந்தப் போகத்துக்கு எங்களிடம் இருந்தது அது மட்டும்தான். ஈரமாக இருந்தால் செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விடுவார். மூடுவதற்கு, தெருவில் யாரோ செத்தபோது கட்டிய கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று இருந்தது, நடுவில் கிழிசலோடு.

மத்தியானம் கோட்டை மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. அம்மாவும் நானும் நெல்லைக் கூட்டிக் குவிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நைனா வீட்டுக்குள் ஓடினார்.

"அப்பாடா, பாய எடுத்தார போறாரு" என்றாள் அம்மா.

எனக்கும் உயிர் வந்தது. பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கிழிசல் வழியாகத் தண்ணீர் கொட்டியது. பேனரில் இருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே இருந்தார். நைனா வெறுங்கையோடு வந்தார்.

"பாய் எங்க?" என்றேன்.

"வூடு ஒழுவுது. கட்டிலுக்கு அடியில தண்ணி வந்துடும்னு பீரோ மேல ஏத்தி வெச்சிட்டேன்."

"இன்னா நைனா, அறிவு இருக்குதா?" என்று கத்திவிட்டேன். பெற்றவரை அப்படிக் கேட்டதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. அவர் பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

மழை ரெண்டு மூணு நாள் விடவில்லை. வெயில் வந்தபோது நெல் வெள்ளை வெள்ளையாய் முளைவிட்டிருந்தது. நைனா குவியலுக்குப் பக்கத்தில் குத்தவைத்து, முளைத்ததைப் பொறுக்கிப் பொறுக்கித் தனியே போட்டார். அத்தனை மூட்டை நெல்லை அப்படிப் பொறுக்கி முடியுமா? பார்க்கச் சகிக்காமல் நான் உள்ளே போய்விட்டேன்.

அடுத்த வாரம் அதிகாரி அம்மா ஸ்கூட்டியில் வந்தே விட்டார். நைனா பீரோ மேலிருந்து பாயைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கி வந்தார். வைத்த குங்குமம்கூடக் கலையவில்லை. முகத்தில் அவ்வளவு பெருமை.

"இன்னா பெரியவரே, இன்னும் பிரிக்கவே இல்லியா?" என்று சிரித்தார் அதிகாரி. "அந்த நெல்லு மேல போத்துங்க. யூஸ் பண்ற மாதிரி போட்டோ வேணும்."

வானத்தில் பொட்டு மேகம் இல்லை. முளைத்த நெல்லின் மேல் புத்தம்புதுப் பாயை விரித்து, சுருக்கமெல்லாம் நீவிவிட்டு, நைனா பக்கத்தில் கைகட்டி நின்றார். அதிகாரி போனை நீட்டிப் படம் எடுத்தார். அம்மா அவர் கிட்டே போனாள்.

"போன வாரமே வந்து இந்த போட்டோவ எடுத்திருக்கக் கூடாதாம்மா? நெல்லாவது பொழச்சிருக்கும்."