அறைக்குள் தொங்கிய நட்சத்திரம்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் எல்லாம் முற்றத்தில் நட்சத்திரம் தொங்கும். எங்கள் வீட்டில் மட்டும் அது படுக்கையறைக்குள் தொங்கும். அதைச் சொல்லி என்னைக் கேலி செய்யாத பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இல்லை. எங்கள் சபையின் உபதேசியார்கூட ஒருமுறை, கிழக்கிலிருந்து ஞானிகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் அம்மாவிடம் அனுமதி கேட்டுக் கட்டிலில் ஏறி நின்றுதான் வழி கண்டுபிடித்திருக்க வேண்டும் என்றார். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்ய?

அந்த வழக்கம் எனக்கு எட்டு வயது நடக்கும்போது தொடங்கியது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், பெருவழியை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் வீடு. தெற்கே தமிழ் பேசும் தாலுகாக்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்துச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலமும் தடியடியும் துப்பாக்கிச் சூடுமாக இருந்த காலம். எங்கள் ஊர் அந்தப் பக்கம் போகுமா இந்தப் பக்கம் நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. பெரியவர்கள் டீக்கடையில் ஒரு பாஷையில் பேச ஆரம்பித்து, யாராவது உள்ளே வந்தால் மற்ற பாஷைக்கு மாறிக்கொள்வார்கள்.

அப்பாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. அரசுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவர். கணக்கை மலையாளத்தில் போடுவார், ஜெபத்தைத் தமிழில் செய்வார், கோபம் வந்தால் இரண்டிலும் திட்டுவார். சம்பளம் தருகிற சர்க்காரோடு சண்டை பிடிக்கிறவனுக்கு மூளை இல்லை என்பது அவருடைய கட்சி.

மூளை இல்லாதவர் என்று அவர் மனதில் நினைத்தது என் மாமாவை. அம்மாவின் ஒரே தம்பி. களியக்காவிளைக்கு அப்பால் சைக்கிள் கடை வைத்திருந்தார். தாய் இல்லாமல் அம்மாவின் இடுப்பிலேயே வளர்ந்தவர் என்பதால் அம்மாவுக்கு அவர் தம்பி பாதி, பிள்ளை பாதி. கிறிஸ்துமஸ் நெருங்கினால் கடையைப் பூட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். நட்சத்திரம் செய்வது அவர் வேலை. மூங்கிலைப் பிளந்து, சீவி, சைக்கிள் டியூப் துண்டால் மூலைகளைக் கட்டி, சிவப்பும் மஞ்சளுமாகத் தாள் ஒட்டி, உள்ளே மெழுகுவர்த்தி நிற்க ஒரு தகரமும் வைத்து, முற்றத்துப் பலா மரத்தில் தூக்குவார். வயலுக்கு அக்கரையில் நின்று பார்த்தாலும் தெரியும் என்று பீற்றிக்கொள்வார். உண்மையாகவே தெரியும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் மாமா விரல்களெல்லாம் கருப்பாக வந்து நின்றார். அம்மா சோறு போட்டாள். ஏதோ ஒரு சர்க்கார் ஆபீசின் மலையாளப் பலகையில் யாரோ தார் பூசிவிட்ட செய்தி அதற்குள் ஊருக்கு வந்திருந்தது. அப்பா அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பலகையில பூசல்ல கேட்டியா, எனக்க சோத்துலயாக்கும் பூசினே" என்றார்.

"சோறு எங்கயும் கெடைக்கும் அத்தான்" என்றார் மாமா.

"அப்போ அங்க போய்த் தின்னு. இனி இந்தப் படியைச் சவுட்டி ஏறப்பிடாது."

மாமா பாதிச் சோற்றோடு எழுந்து போய்விட்டார். அந்த இலையை அம்மா எடுக்கவில்லை. ஈ மொய்த்த பிறகு அப்பாவே எடுத்துக்கொண்டு போய் வாழைத்தடத்தில் போட்டார். பிறகு மாமா மேல் வழக்கு வந்தது, போலீஸ் தேடுகிறது என்றார்கள். சைக்கிள் கடைப் பூட்டில் துரு ஏறிக்கொண்டிருந்தது.

மாமாவைப் பற்றிய சேதி மீன்கூடையில்தான் வந்தது. கொல்லங்கோட்டுக் கடற்கரையிலிருந்து எங்கள் பக்கம் மீன் கொண்டுவருகிற ஒரு அக்காள் உண்டு. அவள் டிசம்பர் தொடக்கத்தில் கூடையை இறக்கிவைத்து, சாளை மீனைப் பொறுக்கிக்கொண்டே அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அன்று ராத்திரி அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா சொல்லிவிட்டாள்.

"தம்பி கிறிஸ்துமசுக்கு ஒரு ராத்திரி வரணும்ணு கேக்கான். எனக்க கையால முந்திரிக்கொத்து திங்கணுமாம்."

அப்பா கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் குடை எடுக்கும்போதுதான் வாய் திறந்தார்.

"வரட்டு. ஆனா முற்றத்துல எறங்கப்பிடாது. அவனுக்குக் கிறிஸ்துமஸ் அறைக்குள்ளயாக்கும்."

இப்படித்தான் அந்த வருஷம் நாங்கள் படுக்கையறையை அலங்கரிக்க ஆரம்பித்தோம். உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை அதுதான், அப்பாவும் அம்மாவும் படுக்கிற அறை. மாமா வெளியே வந்து கிறிஸ்துமஸைப் பார்க்க முடியாது என்றால் கிறிஸ்துமஸை அறைக்குள் கொண்டுபோய்விடுவது என்று அம்மா முடிவு செய்தாள். எனக்கு இதைவிடப் பெரிய கொண்டாட்டம் வேறு இல்லை. சுவருக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்தோம். மரச்சீனிக் கிழங்கு மாவில் பசை காய்ச்சி, வண்ணத்தாளை வளையம் வளையமாக ஒட்டித் தோரணம் செய்தோம். மண்ணெண்ணெய் டின்னில் மணல் நிரப்பிச் சவுக்குக் கிளை நட்டு, தலையணையிலிருந்து இலவம்பஞ்சு பிய்த்து அதன்மேல் தூவினோம். அது பனி என்று அம்மா சொன்னாள். பனியை அவளும் பார்த்ததில்லை. சன்னலைச் சாத்தி, வெளியே துளி வெளிச்சம் போகாதபடி அதன்மேல் சாக்கும் தொங்கவிட்டாள்.

அப்பா முதலில் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் வாசல்படியில் நின்று தோரணத்தைப் பார்த்தார். ஒரு தொங்கல் பெரிதும் ஒரு தொங்கல் சிறிதுமாக இருந்தது கணக்கு வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. அடிக்குச்சியை எடுத்துவந்து, அளந்து அளந்து எல்லாவற்றையும் மாற்றிக் கட்டினார். மறுநாள் தனக்கென்று பெட்டியில் மடித்துவைத்திருந்த புது விரிப்பை எடுத்துக் கட்டிலில் விரித்தார். அம்மா அதன் சுருக்கத்தை நீவிவிட்டாள். அவளுக்கு அப்போதும் அப்பா மேல் நம்பிக்கை வரவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? இடையில் ஒரு போலீஸ்காரர் அப்பாவின் பள்ளிக்கூடத்துக்கே வந்து மைத்துனனைப் பற்றி விசாரித்துவிட்டுப் போயிருந்தார். அன்று ராத்திரி அப்பா சாப்பிடாமலே படுத்துவிட்டார். மறுநாள் மீன்கார அக்காள் வந்தபோது அம்மா அவளை மாட்டுத் தொழுத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய் வெகுநேரம் பேசினாள். நான் கிட்டே போனதும் இரண்டு பேரும் மீன் விலையைப் பேசினார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். நட்சத்திரத்தை அந்த வருஷம் அம்மாதான் செய்திருந்தாள். கொஞ்சம் கோணல், ஆனாலும் நட்சத்திரம். மத்தியானமே அதைப் பலா மரத்தில் தூக்கிவிட்டு, "வெளக்கு வைக்கிற நேரத்துக்கு அதுல மெழுகுதிரி கொளுத்திரணும், மறந்திரப்பிடாது" என்று அப்பாவிடமும் என்னிடமும் மாறி மாறிச் சொன்னாள். பிறகு வீட்டின் பின்பக்கத்து அடுப்படிக்குப் போய்விட்டாள். முந்திரிக்கொத்து செய்கிறவர்களுக்குத் தெரியும், சிறுபயற்று உருண்டையை மாவில் முக்கிக் காய்ந்த எண்ணெயில் விட்டுவிட்டால் இடையில் எழுந்து போக முடியாது.

இருட்டுகிற நேரத்தில் தூறல் தொடங்கியது. நான் அப்பாவோடு முற்றத்தில் நின்றேன். நட்சத்திரத்தின் சிவப்புத்தாள் நனைந்து சாயம் ஒழுகத் தொடங்கியிருந்தது. அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கயிற்றை அவிழ்த்து அதை இறக்கினார்.

"மழையில நாசமாப் போவும். இஞ்ச தொங்கினா அவன் எப்பிடிப் பாப்பான்? வருஷா வருஷம் நட்சத்திரம் கெட்டினவனாக்கும். அவன் பாக்காண்டாமா?"

இதை என்னிடம் சொன்னாரா, தனக்கே சொன்னாரா என்று தெரியவில்லை. வேட்டி முனையால் நட்சத்திரத்தை ஒற்றி ஒற்றித் துடைத்தார். அறைக்குள் கொண்டுபோய், கட்டிலில் ஏறி நின்று, நேர்நடுவில் உத்தரத்தில் கட்டினார். அப்பா கட்டிலில் ஏறி நின்று அதற்கு முன்பு நான் பார்த்ததே இல்லை. மெழுகுதிரியைக் கொளுத்தியதும் நீலச் சுவர்களில் சிவப்பும் மஞ்சளும் விழுந்தன. இலவம்பஞ்சுகூட உண்மையான பனி மாதிரி இருந்தது.

அடுப்படியிலிருந்து அம்மா கூவினாள். "நட்சத்திரம் கொளுத்தியாச்சா?"

"கொளுத்தியாச்சு, கொளுத்தியாச்சு" என்றார் அப்பா.

பிறகு அவர் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. மாமாவிடம் என்ன சொல்லி வரவேற்பது என்று ஒத்திகை பார்த்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

எல்லாவற்றையும் பொரித்து முடித்து, ஒரு தட்டு நிறைய முந்திரிக்கொத்தோடு அம்மா வந்தாள். அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"எப்பம் எடுத்தீங்க?"

"மழை தொடங்கினப்பவே. எப்பிடி இருக்கு?"

அப்பாவின் முகத்தில் அப்போது இருந்த சிரிப்பு, பாடம் ஒப்பித்துவிட்டுச் சபாஷுக்குக் காத்து நிற்கிற பிள்ளையின் சிரிப்பு. அம்மா அதைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.

கோழிக்கூடு பூட்டவில்லை என்று சொல்லி, ஓலைச் சூட்டைப் பந்தமாகக் கொளுத்திக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். கோழிக்கூடு வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அவள் போனது வயல் பக்கமாக. வெகுநேரம் கழித்துத் தெப்பமாக நனைந்து, அணைந்த சூட்டோடு திரும்பி வந்தாள். மாமா வரவில்லை. கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்கள் வந்து பாடிவிட்டுப் போனார்கள். மெழுகுதிரி தீரத் தீர அப்பா வேறு வைத்தார்.

விடிந்தபோது அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "ரோஷக்காரன். நான் வரட்டுண்ணு சொல்லியும் அவனுக்கு மனசு எறங்கல்ல" என்றார். முந்திரிக்கொத்தை நாங்கள் யாரும் தொடவில்லை. பிறகு நான் மட்டும் தொட்டேன். எட்டு வயதுக்கு எவ்வளவு நேரம்தான் துக்கம் தாங்கும்?

மாமா அன்றே ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டதாகப் பின்னால் தெரிந்தது. அம்மா யார் யார் மூலமாகவோ சேதி அனுப்பிப் பார்த்தாள். மீன்கார அக்காளின் கூடை அவ்வளவு தூரம் போகாது. அடுத்த மழைக்காலத்துக்குள் அங்கே ஏதோ ஒரு ஊரில் காய்ச்சல் கண்டு மாமா இறந்துபோனார். அடக்கமெல்லாம் முடிந்த பிறகே எங்களுக்குத் தகவல் வந்தது. கொஞ்ச காலத்தில் எல்லையும் பிரித்தார்கள். மாமாவின் ஊர் அந்தப் பக்கம் போயிற்று, எங்கள் ஊர் இந்தப் பக்கமே நின்றது. அவர் எதற்காக அலைந்தாரோ அதையும் பார்க்கவில்லை, முந்திரிக்கொத்தையும் தின்னவில்லை.

மறு கிறிஸ்துமஸிலிருந்து அப்பாவே நட்சத்திரம் கட்டினார். அடிக்குச்சி வைத்து அளந்து, ஐந்து முனையும் ஒரே கணக்கில். ஒவ்வொரு வருஷமும் அதைப் படுக்கையறை உத்தரத்திலேயே தொங்கவிட்டார். "அவனுக்குக் கெட்டினதாக்கும், அங்கயே கெடக்கட்டு" என்பார். சாகும்வரை அதை மாற்றவில்லை.

அப்பாவை அடக்கம் செய்த பிறகு, அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அம்மா சொன்னாள்.

"வரட்டுண்ணு சொன்ன அத்தான் மனசு மாறாம இருந்தா பிலாவுல நட்சத்திரம் எரியும், இருட்டாக் கெடந்தா படியேறாதண்ணு நானாக்கும் தம்பிக்குச் சொல்லி விட்டேன். அவன் அக்கரையில தெங்கு மரத்துக்க மூட்டுல மழையில நிண்ணிருக்கான். நான் கொளுத்திட்டுப் போன சூட்டு பாதி வழியில அணைஞ்சு போச்சு. பாட்டுக்காரங்க போறது வரைக்கும் நிண்ணானாம். மீன்காரி சொன்னா."

"அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமே அம்மா?"

"எதச் சொல்ல மக்கா? உங்கள நான் நம்பல்லண்ணா? ஆயுசுல ஒருக்க அவனுக்காக கட்டில்ல ஏறி நிண்ண மனுஷன். அதுனாலயாக்கும் அவன் போனான்னு சொன்னா அந்த ஆளு பின்ன இருப்பாரா?"

மாமா, அத்தான் மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு செத்தார். அப்பா, மைத்துனன் மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு செத்தார். இரண்டும் பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் இத்தனை வருஷம் சோறு பொங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்பா இருந்த காலத்தில், அவர் உள்ளே கட்டிலில் ஏறி நட்சத்திரத்தைக் கொளுத்துகிற அந்த நேரத்தில், ஒவ்வொரு வருஷமும் அம்மா மட்டும் வெளியே போய், பலா மரத்தடியில் வயலைப் பார்த்தபடி நிற்பாள். அயல் வீட்டு நட்சத்திரங்களை வேடிக்கை பார்க்கப் போகிறாள், பாவம், நம் முற்றத்தில் ஒன்று இல்லையே என்று ஏங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுப்பேன்.

"அம்மா, நம்ம நட்சத்திரம் உள்ளல்லா இருக்கு, வா, வந்து பாரு" என்பேன்.