கம்பத்துக்கு ஊற்றிய நீர்

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையிலுள்ள எங்கள் ஊரில் என் தந்தையார் காலம்வரை பருத்தியும் புகையிலையும் விளைந்தன. பிறகு கிணற்றில் நீர் இருந்தும் களை பறிக்க ஆள் கிடைக்கவில்லை. விடிந்ததும் பனியன் கம்பெனி வேன்கள் வந்து, காட்டில் களை பறிக்க வேண்டியவர்களை ஏற்றிக்கொண்டு போயின. நெல்லைப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பங்களுக்காக எங்கள் மாட்டுக் கொட்டகை வரிசை வீடுகளாயிற்று. நான் பள்ளியில் தமிழ் கற்பித்தேன். நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். புத்தாயிரம் பிறந்து ஓரிரு ஆண்டுகளில் அவர் மேற்குக் காட்டைச் சாயப்பட்டறைக்குக் குத்தகைக்கு விட்டார். நானும் உடன்பட்டுக் கையொப்பமிட்டேன்.

மாரியம்மன் நோன்பு பூச்சாட்டித் தொடங்கியதும் கோயிலின் முன் முக்கிளைக் கம்பம் ஒன்றை நடுவார்கள். பதினைந்து நாளும் பெண்கள் குடத்து நீரில் மஞ்சளும் வேப்பிலையும் இட்டு அதன்மேல் ஊற்றுவார்கள். அந்நீர் எங்கள் கிணற்றிலிருந்தே செல்ல வேண்டும் என்பது வழக்கம்.

பட்டறை வந்த மூன்றாம் ஆண்டு, நோன்பின் நான்காம் நாள் காலை, வரிசையின் முன்னால் நின்ற பெண் குடத்தை உற்றுப் பார்த்தாள்.

“ஏனுங்க்கா, தண்ணி செவக்குதுங்க.”

“குங்குமத்தக் கொட்டியிருப்பே. பாதித் தூக்கத்துலதான வந்தே.”

“இல்லீங்க, வெறும் மஞ்சத்தூளுதானுங்க.”

அடுத்த குடமும் சிவந்தது, அதற்கடுத்ததும் சிவந்தது. பூசாரி கற்பூரம் ஏற்றினார். ஆத்தா இறங்கிவிட்டாள் என்றார்கள். வேன் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தியபோது ஒருத்தி, “ஆத்தாளே வந்திருக்கறா, உங்க சூப்பர்வைசரு லேட்டு போடுவானாக்கும்?” என்றாள். மறுநாள் கூட்டம் இரட்டித்தது. சிவந்த நீரைத் தீர்த்தமென்று சொம்புகளில் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள்.

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். ஆரத்திக்கு ஆலம் கரைத்த கை எல்லாவற்றுக்கும் அது தெரியும். சாயப்பட்டறையில் போடும் சோடா உப்பும் அதையே செய்யும். ஆனால் கோயில் வாசலில் ஒருவரும் அதை நினைக்கவில்லை. அண்ணன் மட்டும் நினைத்தார். நான்காம் நாள் மாலையே என்னைப் பட்டறையின் கழிவுநீர்க் குட்டைக்கு அழைத்துச் சென்று, கிணற்றுப் பக்கம் கசிந்திருந்த கரையைக் காட்டினார்.

“சோடாத் தண்ணி கெணத்துல எறங்கிருச்சுடா. ஊருக்குச் சொல்லோணும்.”

“நோம்பி முடியட்டுங்ண்ணா. இப்பச் சொன்னா நம்ம குடும்பத்தையே தூத்துவாங்க.”

அவர் என் படிப்பை மதித்தவர். என் சொல்லைக் கேட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

வரிசை வீட்டில், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு பெண் குடியிருந்தாள். முன்பு இருமுறை கரு கலைந்தவள். அப்போது ஏழாம் மாதம். ஒன்பதாம் நாள் காலை, கோயிலிலிருந்து கொண்டுவந்த நீரைக் கிழக்கு நோக்கி நின்று குடிக்கப்போனவளை அண்ணன் கண்டார்.

“தெனமும் குடிக்கறீங்களா அம்மிணி?”

“செவந்த நாள்லருந்து குடிக்கேன் அண்ணாச்சி. இந்த மட்டம் அம்ம கைவிட மாட்டா, பாத்துக்கிடுங்க.”

அவர் சொம்பை வாங்கி மண்ணில் கவிழ்த்தார். “குடிக்காதீங்க. இது ஆத்தா இல்லீங்க. எங்க காட்டுச் சாயத்தண்ணிங்க.” பிறகு கோயிலுக்குச் சென்று அதையே எல்லாருக்கும் சொன்னார். சிலர் ஏசினார்கள், சிலர் கையிலிருந்த குடத்தைப் பார்த்தபடி நின்றார்கள். அன்று முதல் கம்பத்துக்கு லாரித் தண்ணீர் வந்தது.

மூன்று வாரம் கழித்து அப்பெண்ணுக்குக் குறைப்பிரசவம் ஆயிற்று. குழந்தை தங்கவில்லை. நீரால்தான் என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். இல்லை என்றும் சொல்லவில்லை.

அவர்கள் ஊருக்குத் திரும்பிய அன்று சாவியை வாங்கிக்கொள்ள அண்ணனும் நானும் போயிருந்தோம். கணவன் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். அவள் அண்ணனிடம் மெல்லச் சொன்னாள்:

“நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் அண்ணாச்சி. அம்ம எடுத்துக்கிட்டான்னு மனசத் தேத்தியிருப்பேன். இப்பம் நானே குடிச்சுக் கொன்னுட்டேன்னுல்லா தோணுது.”

நான்காம் நாளே சொல்ல வந்தவர் அண்ணன், தடுத்தவன் நான். அதை அவர் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் நீட்டிய சாவியை வாங்கிக்கொண்டேன்.